கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் மனநலத்தில் கைகோக்கட்டும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பலதுறை மருந்தகத்தில் என் பெரியம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் தொடக்கக் கல்லூரி முதலாண்டு மாணவி. மருத்துவர் இளம் வயதுக்காரர், சீனர், பொறுமையானவர். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பெரியம்மா தரையைப் பார்த்தபடியே, “செத்துடலாம் போல இருக்கு கண்ணு” என்றார்.

“அவருக்கு மிகவும் களைப்பாக இருக்கிறதாம்” என்று மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

எனக்குச் சொல் தெரியாமல் இல்லை. இரண்டு மொழியிலும் நல்ல தேர்ச்சி பெற்றவள்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. சொன்னால் பெரியம்மாவை ‘உட்பிரிட்ஜுக்கு’ அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். மனநலக் கழகம் புவாங்கோக்கிற்கு இடம் மாறியது 1993ஆம் ஆண்டில். நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய காலத்துப் பெயர் அது. இருந்தும் என் வாயில் அந்தப் பழைய பெயர்தான் இருந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1928ல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனைக்கு 1951ல் உட்பிரிட்ஜ் என்று பெயர் மாற்றியதே, பழைய பெயரோடு ஒட்டியிருந்த இழிவைப் போக்கத்தான். அருகில் இருந்த ஒரு மரப்பாலத்தின் பெயரை வைத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த மரப்பாலமே வசைச்சொல் ஆகிவிட்டது.

பெரியம்மாவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். “எழுது. ஆனா இரும்பு மாத்திரையையும் சேர்த்து எழுது” என்றார். இப்போது அவரால் இதைச் சொல்லிச் சிரிக்க முடிகிறது.

பெரியப்பா இறந்தபின் தொடங்கியது இது. பெரியம்மா தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து திருமணமாகிச் சிங்கப்பூர் வந்தவர். மகன் மெல்பர்னில் வேலை பார்க்கிறார். முதலில் தூக்கம் போனது. பிறகு சமையல் நின்றது. பிறகு தொலைபேசியை எடுப்பது நின்றது. அவர் ஒருமுறைகூட ‘மனச்சோர்வு’ என்று சொன்னதில்லை. “நெஞ்சு அடைக்குது”, “தலை பாரமா இருக்கு”, “ராத்திரியெல்லாம் முழிச்சே கிடக்கேன்” என்றுதான் சொன்னார். நாங்களும் நெஞ்சுக்கும் தலைக்கும் வைத்தியம் பார்த்தோம்.

வைத்தியம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நாங்கள் முதலில் போனது கோயிலுக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் அர்ச்சனை. நவக்கிரகத்துக்கு விளக்கு. ஒரு கோயிலில் உறவினர் ஒருவர், ஏதோ வேண்டுதல் பாக்கி இருக்கிறது, அதனால்தான் இப்படி என்றார். பெரியம்மா அன்று இரவு முழுக்க எந்த வேண்டுதலை மறந்தோம் என்று யோசித்து அழுதார். இன்னொருவர் இது செய்வினை என்றார். ஜொகூர் பாருவில் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். அவர் ஒரு தாயத்தும், அதற்கு ஒரு பெரிய தொகையும் சொன்னார். கொடுத்தோம். ஒரு வாரத்தில் கோயிலில் பெரியம்மாவின் விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அன்னதான வரிசையில் ஒரு பெண்மணி, “இப்ப புத்தி தெளிஞ்சிருச்சா?” என்று கேட்டார். அக்கறையில்தான் கேட்டிருப்பார். அதன்பின் பெரியம்மா அந்தக் கோயிலுக்குப் போகவே இல்லை.

கடைசியில் நான் மொழிபெயர்க்காமல் விட்டதைக் கேட்டவர் எதிர்வீட்டு ஆன்ட்டி. கடையநல்லூர்க் குடும்பம், தமிழ் முஸ்லிம். மாலைத் தொழுகை முடித்துவிட்டுத் தினமும் பத்து நிமிடம் பெரியம்மாவோடு வந்து உட்காருவார். பெரும்பாலும் இருவரும் பேசுவதே இல்லை. ஒருநாள் அவர் நேராகக் கேட்டாராம்: “அக்கா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” பெரியம்மா ஆமாம் என்றார். அன்றிரவே ஆன்ட்டி அம்மாவிடம் வந்து சொன்னார். அவருடைய பள்ளிவாசலில் பெண்கள் வகுப்பில் ஒருமுறை மனநலம் பற்றிப் பேச ஆள் வந்திருந்தாராம். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிடுவோம் என்பது தவறான பயம், கேட்பதுதான் பலருக்கு நிம்மதி என்று அங்கே சொன்னார்களாம்.

அம்மாவுக்கு அப்போதும் தயக்கம். மனதுக்கு மருந்து சாப்பிட்டால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும், ஊர் என்ன சொல்லும், சாமி கைவிட்டுவிட்டதாக ஆகிவிடாதா? இந்த முடிச்சை அவிழ்த்தவர் வேறொரு கோயிலில் இருந்த ஒரு குருக்கள். அம்மா எல்லாவற்றையும் சொன்னதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: “மாத்திரையும் போடட்டும்மா, விபூதியும் இடட்டும். ரெண்டும் சண்டை போட்டுக்காது.” மறுநாள் காலை பலதுறை மருந்தகத்துக்குப் போனோம். இந்த முறை நான் எதையும் மாற்றாமல் சொன்னேன். முதல் முறை போனதற்கும் இதற்கும் இடையே ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

பள்ளிவாசலில் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணும் கோயிலில் பூஜை செய்யும் ஒருவரும் சேர்ந்து என் பெரியம்மாவைக் காப்பாற்றினார்கள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. நடந்தது முழுக்கத் தற்செயல். அந்தத் தற்செயலை ஏற்பாடாக மாற்ற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இது ஏன் அவசரம் என்பதற்குச் சில எண்கள். 2016ஆம் ஆண்டு சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனநலப் பாதிப்புக்கு ஆளாகிறார். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் நிபுணர்களின் உதவியை நாடவில்லை. நம் வயதினரைப் பற்றிய தேசிய இளையர் மனநல ஆய்வு 2024ல் வெளியானது. 15 முதல் 35 வயது வரையிலானவர்களில் 30.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, பதற்றம், மனஉளைச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கடுமையான அல்லது மிகக் கடுமையான அளவில் இருந்தது. 2022ல் இங்கே 476 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிவான எண்ணிக்கைகளில் அதுவே ஆக அதிகம்.

மருத்துவமனைக்கும் மருந்தகத்துக்கும் வராத அந்த முக்கால்வாசிப் பேர் எங்கே போகிறார்கள்? பலர் எங்கேயும் போவதில்லை. போகிறவர்களில் கணிசமானோர் எங்களைப்போல் சாமியிடம்தான் போகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமக்குச் சமயம் இல்லை என்றவர்கள் 20 விழுக்காட்டினர். அப்படியானால் ஐந்தில் நால்வருக்கு ஏதோ ஒரு வழிபாட்டுத் தலம் தெரிந்த இடமாக இருக்கிறது. அங்கே முன்பதிவு வேண்டாம். கட்டணம் இல்லை. ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அழுதால் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். மனநல நிபுணர்கள் எவ்வளவு முயன்றாலும் உருவாக்க முடியாத நுழைவாயில் அது. அந்த வாயிலில் நிற்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பதுதான் இழப்பு.

இங்கே சமய அமைப்புகள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூர் ஆங்கிலிகன் சமூகச் சேவைகள் அமைப்பு மனநோயிலிருந்து மீண்டு வருவோருக்கான மறுவாழ்வு நிலையங்களை நடத்துகிறது. எந்தச் சமயத்தவரும் அங்கே போகலாம். 2012ல் டாக்டர் ராதியா சலிம் தொடங்கிய ‘கிளப் ஹீல்’, மலாய் முஸ்லிம் சமூகத்தில் மனநோயைச் சுற்றியிருந்த கூச்சத்தைப் போக்கப் பிறந்தது. அதன் கதவும் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. இந்து அறக்கட்டளை வாரியம் போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கு ‘ஆசிரமம்’ என்ற மறுவாழ்வு இல்லத்தை நடத்துகிறது. யீஷூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் தாதிமை இல்லத்தில் எல்லா இனத்து முதியோரும் இருக்கிறார்கள். பணமும் மனமும் நிர்வாகத் திறனும் நம்மிடம் இருக்கின்றன என்பதற்கு இவையெல்லாம் சான்று. ஆனால் பெரும்பாலும் அவரவர் வளாகத்துக்குள் அவரவர் செய்கிறார்கள்.

சேர்ந்து செய்வது என்றால் நமக்குப் பழக்கம் வேறு மாதிரி. சமயங்களுக்கிடையிலான அமைப்பு 1949லேயே தொடங்கப்பட்டது. இன்று அதில் பத்துச் சமயங்கள் இருக்கின்றன. முக்கியமான நிகழ்ச்சிகளில் பத்துச் சமயத் தலைவர்களும் வரிசையாக நின்று பிரார்த்திப்பதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளியில் ஜூலை 21ஆம் தேதி இன நல்லிணக்க நாள் என்றால் நான் பாஜு குரோங் அணிவேன், என் சீனத் தோழி என் பாவாடை தாவணியை அணிவாள், படம் எடுத்துக்கொள்வோம், மதியம் உடை மாற்றிக்கொள்வோம். அதைக் குறை சொல்லவில்லை. 1964 கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் நாட்டில் அந்தப் படங்களுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் நல்லிணக்கம் என்பது சண்டை போடாமல் இருப்பது மட்டும் அல்லவே. ஒருவருக்கு ஒருவர் பயன்படுவதும் அதில் சேராதா?

குறிப்பாகத் தமிழர்களாகிய நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மற்ற எந்தச் சமூகத்துக்கும் இது இவ்வளவு எளிதில் வாய்க்காது. சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் இந்துக்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் முஸ்லிம். எட்டில் ஒருவர் கிறிஸ்தவர். நம்மில் பலரை இணைப்பது சமயம் அல்ல, மொழி. லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில், சற்றுத் தள்ளி அங்குலியா பள்ளிவாசல், டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம், ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூடும் லூர்து அன்னை தேவாலயம். ஒரு மணி நேரத்தில் நிதானமாக நடந்து முடித்துவிடலாம். இத்தனை இடத்திலும் துக்கத்தோடு வருகிறவர்கள் “மனசு சரியில்லை” என்ற ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்.

வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று 2020 கணக்கெடுப்பில் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. இவ்வளவு சிறிய சமூகத்தில் கோயிலுக்குத் தனியாக, பள்ளிவாசலுக்குத் தனியாக, தேவாலயத்துக்குத் தனியாகத் தமிழ் பேசும் ஆலோசகர்களைத் தேடினால் யாருக்கும் போதிய ஆள் கிடைக்காது. ஒரே பட்டியல் போதும். தமிழில் மனநல ஆலோசனை தரக்கூடிய உளவியலாளர்கள், சமூக ஊழியர்கள், பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் ஆகியோரின் பெயர்கள் ஒரு பட்டியலில் இருக்கட்டும். எந்த வழிபாட்டுத் தலத்திலிருந்து அழைத்தாலும் அந்தப் பட்டியலில் இருப்பவர் பேசட்டும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் ஒருவர், ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒருவர், பிரதோஷத்தன்று ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

மொழியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் அல்ல. ஜிம்பாப்வேயில் 2006ல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ‘நட்பு இருக்கை’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். எனவே அவர் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். மருந்தகத்துக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு, அதில் ஒரு பாட்டி. வந்து உட்காருபவர் பேசுவார், பாட்டி கேட்பார், பிறகு இருவரும் சேர்ந்து ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பார்கள். அங்கே ‘மனச்சோர்வு’ என்ற மருத்துவச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். 2016ல் வெளியான மருத்துவ ஆய்வு, பெஞ்சுக்கு வந்தவர்களின் அறிகுறிகள் ஆறு மாதத்துக்குப் பின் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்ததாகக் காட்டியது. “ரொம்ப யோசிக்காதே” என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வதற்கும் இதற்கும் சொல்லளவில் அதிகத் தூரம் இல்லை. வேறுபாடு, அந்தப் பாட்டிகள் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போவதில்லை.

நம் கோயில்களில் செருப்பு வைக்கும் இடத்தில் இருப்பவர், அன்னதானத்தில் பரிமாறுபவர், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுப்பவர், தேவாலய வாசலில் வரவேற்பவர், இவர்களுக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும் என்று நினைக்கிறேன். குருக்களையும் இமாமையும் பாதிரியாரையும் அணுகச் சாதாரண மனிதர் தயங்குவார். கஞ்சி வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தையைக் கவனிக்கவும், நேரடியாகக் கேட்கவும், கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கவும், யாரிடம் அனுப்புவது என்று தெரிந்திருக்கவும் ஒருநாள் பயிற்சி போதாது. ஆனால் ஒருநாளில் தொடங்கலாம்.

இந்த யோசனையை என் பல்கலைக்கழகத் தோழர்களிடம் சொன்னபோது இரண்டு எதிர்ப்புகள் வந்தன. இரண்டுமே நியாயமானவை.

முதலாவது, மனநோயைச் சமயத்திடம் ஒப்படைப்பதே ஆபத்து என்பது. இதற்கு நான் உடனே பதில் சொல்ல முடியாமல் நின்றேன், ஏனென்றால் அந்தத் தாயத்தை வாங்கியவர்கள் நாங்கள்தான். தமிழ் பேசும் யாரும் ஏர்வாடியை மறக்கக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டத்தின் அந்தத் தர்கா ஊரில் தனியார் நடத்திய மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நோயைச் சாபமாகவும் சைத்தானாகவும் பார்த்ததன் விலை அது. இந்துக் குடும்பங்களும் அங்கே தங்கள் நோயாளிகளைக் கொண்டுபோய் விட்டிருந்தன. எனவே இதில் எந்தச் சமயமும் இன்னொன்றைச் சுட்ட முடியாது. ஆனால் அதே ஏர்வாடியில் பின்னாளில் வேறொன்றும் நடந்தது. பிரார்த்தனைக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. மருந்தும் துஆவும் சேர்ந்து. நம்பிக்கையை விரட்டிவிட்டு மருத்துவத்தைக் கொண்டுவர அவர்கள் முயலவில்லை. மக்கள் எப்படியும் தர்காவுக்கு வருவார்கள், மருத்துவர் அங்கே போகட்டும் என்று முடிவு செய்தார்கள்.

ஆகவே வழிபாட்டுத் தலம் மருந்தகம் ஆக வேண்டாம். அது மருந்தகத்துக்கு வழி சொல்லும் இடமாக இருந்தால் போதும். நோயைக் கர்மா என்றோ, நம்பிக்கைக் குறைவு என்றோ, பாவத்தின் சம்பளம் என்றோ சொல்வதை நிறுத்துவது அதில் முதல் படி. ஒரு பிரசங்கத்தில், ஒரு குத்பாவில், ஒரு சமயச் சொற்பொழிவில் ஐந்து நிமிடம், “இது நோய், இதற்குச் சிகிச்சை உண்டு” என்று சொன்னால் நூறு துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை அது செய்யும். அந்தக் குருக்களின் ஒரு வாக்கியம் என் அம்மாவிடம் செய்தது போல.

இரண்டாவது எதிர்ப்பு மதமாற்றம் பற்றியது. மெதுவான குரலில்தான் சொன்னார்கள், ஆனால் எல்லாரும் சொன்னார்கள். மனம் உடைந்திருப்பவரைத் தம் பக்கம் இழுப்பது எளிது. பெரியம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கியபின், கிறிஸ்தவ அமைப்பு ஒன்று நடத்தும் நிலையத்தில் ஆதரவுக் குழு இருக்கிறது என்று பரிந்துரை வந்தது. அம்மா முதலில் கேட்டது, “மதம் மாத்திடுவாங்களா?” என்றுதான். போனோம். முதல் நாளே அங்கிருந்த ஊழியர் பெரியம்மாவிடம், மனம் அமைதியாக இருக்க வழக்கமாக என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கந்த சஷ்டி கவசம் என்றார் பெரியம்மா. அப்படியானால் தினமும் படியுங்கள் என்றார் ஊழியர். அதற்குமேல் அங்கே சமயம் பேசப்படவில்லை. எல்லா இடத்திலும் இப்படியே இருக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். அதனால்தான் இது தனிமனிதரின் நல்ல குணத்தை நம்பி நடக்கக்கூடாது என்கிறேன். சேர்ந்து செயல்படும் அமைப்புகள் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளட்டும்: உதவி தேடி வருபவரிடம் சமயம் பரப்புவதில்லை, அவர் சொன்னதை அவர் குடும்பத்திடமோ சபையிடமோ அனுமதியின்றிச் சொல்வதில்லை. மீறினால் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். சமய நல்லிணக்கத்துக்கு 1990லேயே சட்டம் போட்ட நாட்டில் ஒரு பக்க உடன்பாடு எழுதுவது முடியாத காரியமா?

ரகசியம் காப்பது பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சமயங்கள் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதற்கு இதுவே என் வலுவான காரணம். சிறிய சமூகத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில், தங்கை இருக்கும் வீட்டில், சொந்தக் கோயிலில் வாய் திறக்க யாருக்கும் துணிவு வராது. பெரியம்மா ஏன் எங்களிடம் சொல்லாமல் ஆன்ட்டியிடம் சொன்னார்? பிறகு ஒருநாள் கேட்டேன். “அவ நம்ம கோயிலுக்கு வரமாட்டாளே” என்றார். அவ்வளவுதான். ஓர் இந்து பள்ளிவாசல் வழியாக வந்த தொண்டூழியரிடமும், ஒரு முஸ்லிம் இளைஞர் தேவாலயம் வழியாக வந்த ஆலோசகரிடமும் மனம்விட்டுப் பேசலாம். காரணம், அந்தப் பேச்சு திரும்பித் தன் சபைக்கு வராது.

யாரும் அதிகம் யோசிக்காத இன்னொருவரும் இருக்கிறார். நம் கோயில்களில் பூஜை செய்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை அனுமதியில் வருபவர்கள். குடும்பம் ஊரில். வேலை அதிகாலையில் தொடங்கி இரவு நடை சாத்தும்வரை. நம் துக்கத்தையெல்லாம் அவர்களிடம் இறக்கிவைத்துவிட்டுத் தேங்காய்மூடியோடு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர்கள் யாரிடம் சொல்வார்கள்? சிங்கப்பூரில் மனநல உதவி எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பயிற்சி தரும்போது முதல் வகுப்பில் அவர்களைப் பற்றியும் கேட்கட்டும். ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியா வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

மாணவர்களாகிய நமக்கு இதில் வேலை உண்டா? உண்டு. நம்மில் பலர் வீட்டில் மொழிபெயர்ப்பாளர்கள். தாத்தாவின் மருந்துச் சீட்டு, பாட்டியின் மருத்துவச் சந்திப்பு எல்லாவற்றுக்கும் நாம்தான் போகிறோம். என் தவற்றைச் செய்யாதீர்கள். அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், உங்கள் காதுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தாலும். இதைவிட நல்லது, மனநலம் பற்றிய சந்திப்புக்கு நீங்கள் போகாமல் வேறு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று மருந்தகத்தில் கேட்பது. பேரப்பிள்ளையின் எதிரில் எந்தப் பாட்டியும் முழு உண்மையைச் சொல்லமாட்டார். பல்கலைக்கழகத்தில் இந்து மன்றம், முஸ்லிம் மன்றம், கிறிஸ்தவ மன்றம் என்று தனித்தனியாகத் தேர்வுக்கு முன் பிரார்த்தனைக் கூட்டம் நடத்துகிறோம். அடுத்த பருவத்தில் மூன்றும் சேர்ந்து ஒரு தமிழ்ப் பயிற்சிப் பட்டறை நடத்த முடியும். நான் மூன்று மன்றங்களுக்கும் எழுதிவிட்டேன். ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது.

வீட்டில் யாராவது பெரியம்மாபோல் பேசக் கேட்டால் காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767, நாள் முழுவதும் இயங்குகிறது. தேசிய மனநல உதவி எண் 1771. மனநலக் கழகத்தின் எண் 6389 2222. தற்கொலை முயற்சி இப்போது குற்றம் அல்ல என்பதையும் பெரியவர்களிடம் சொல்லுங்கள். 2020 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டப் பிரிவு இல்லை. உண்மையைச் சொன்னால் போலிஸ் வரும் என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள்.

சென்ற மாதம் பெரியம்மாவோடு அந்தக் குருக்கள் இருக்கும் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். பஞ்சாங்கத்தின் உள்ளட்டையில் 1767 என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார். “போன வாரம் ஒரு பையன் வந்தான்மா. இந்த நம்பரைக் கொடுத்தேன். இங்கிலீஷ்ல பேசணுமோன்னு பயந்துண்டு போயிட்டான். தமிழ்ல உக்காந்து பேச உனக்கு யாரையாவது தெரியுமா?” என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆள் எதிர்வீட்டு ஆன்ட்டிதான். வாசலுக்கு வந்து அவரை அழைத்துக் கேட்டேன். பிறகு உள்ளே போய், அந்தப் பஞ்சாங்கத்தில் 1767க்குக் கீழே அவருடைய எண்ணை எழுதிக் கொடுத்தேன்.